அக்கரையில் இருந்த என் வாசகர்

போன வருஷம் மாசி மாதம், மழை ஓய்ந்து திருகோணமலைத் துறைமுகத் தண்ணீர் தெளிந்து வருகிற நாட்களில் நடந்தது இது. நான் கம்பஸ் ஒன்றில், அதாவது பல்கலைக்கழகத்தில், மண்ணைப் பற்றிப் படிப்பிக்கிறவன். வீடு உப்புவெளியில். என் பெயரைச் சொல்லப் போவதில்லை. சொன்னாலும் பிரயோசனமில்லை, எங்கள் கடைத்தெருவில் நின்று அந்தப் பெயரைக் கூப்பிட்டால் நாலு பேராவது திரும்பிப் பார்ப்பார்கள். முன்னால் அப்பாவின் பெயருக்கு ஒரு எழுத்து, பின்னால் எங்கள் பெயர். அவ்வளவுதான் எங்களுக்கு. குடும்பப் பெயர் என்று ஒன்று கிடையாது. இந்தச் சின்ன வழக்கம் ஒரு மனிதரை என்ன பாடுபடுத்தியது என்பதைத்தான் சொல்ல வந்தேன்.

அப்போது நான் பதவி உயர்வுக்கு விண்ணப்பிக்க இருந்தேன். முன்பெல்லாம் எத்தனை கட்டுரை எழுதினாய் என்று மட்டும் கேட்பார்கள். இப்போது அது போதாது. எழுதியதை எத்தனை பேர் தங்கள் கட்டுரைகளில் எடுத்துக்காட்டியிருக்கிறார்கள் என்று கேட்கிறார்கள். அதற்குப் பெயர் மேற்கோள். அதுவும் போதாதென்று, யாருடன் யார் சேர்ந்து எழுதினார்கள் என்பதை ஒரு வலை மாதிரி வரைந்து, அதில் உன் புள்ளி எவ்வளவு பெரியது என்றும் பார்க்கிறார்கள். மண்ணைக் கிண்டுகிறவனை அடுத்தவன் வாயை வைத்து அளக்கிறார்களே என்று நான் அடிக்கடி புறுபுறுப்பேன். புறுபுறுத்து என்ன, கேட்டால் கொடுக்கத்தானே வேண்டும்.

எங்கள் நூலகத்தில் இந்த வேலைக்கென்றே ஒரு சகோதரி இருக்கிறார். கிண்ணியாவிலிருந்து தினமும் பஸ்ஸில் வருபவர். அமைதியான ஆள், ஆனால் வாயைத் திறந்தால் குத்தலாக ஏதாவது வரும். ஒரு நாள் என்னைக் கூப்பிட்டுக் கணினியைக் காட்டினார்.

"சேர், நோர்வேயில எத்தின வருஷம் இருந்தீங்க? எங்களுக்கு ஒண்டும் சொல்லல்லயே."

"நான் கொழும்பு பஸ்ஸிலயே சத்தி எடுக்கிற ஆள் தங்கச்சி" என்றேன்.

அவர் சிரிக்கவில்லை. திரையை என் பக்கம் திருப்பினார். என் வலைப்படம் அங்கே இருந்தது. இடது பக்கம் ஒரு சின்னக் கூட்டம்: நான், என்னோடு வேலை செய்கிற இரண்டொருவர், என் பழைய மாணவர்கள். எல்லாரையும் எனக்குத் தெரியும். வலது பக்கம் பெரிய கூட்டம். நோர்வே, ஒல்லாந்து, பங்களாதேஷ் என்று எங்கெங்கோ உள்ள ஆட்கள். ஒருவரையும் எனக்குத் தெரியாது. இரண்டு கூட்டத்துக்கும் நடுவே ஒரேயொரு கொழுத்த புள்ளி, அதில் என் பெயர். அந்தப் புள்ளியை விரலால் மறைத்தால் இந்தப் பக்கத்துக்கும் அந்தப் பக்கத்துக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. அப்படி இரண்டு கூட்டங்களைத் தொடுத்து வைக்கிறவருக்கு இந்தக் கணக்கில் மதிப்பு அதிகமாம். எங்கள் பீடத்திலேயே பெரிய புள்ளி நான்தான் என்றார் அந்தச் சகோதரி.

நடந்தது இதுதான். உலகத்தில் வருகிற ஆய்வுக் கட்டுரைகளை எல்லாம் ஒரு தளம் தானாகவே சேர்த்து, பெயரைப் பார்த்து, ஆளுக்கொரு பக்கம் திறந்து வைக்கிறது. எனக்கும் அப்படி ஒரு பக்கம் இருக்கிறது என்பதே எனக்குத் தெரியாது. அதில் என் பெயரும் என் முதலெழுத்தும் கொண்ட இன்னொருவரின் கட்டுரைகளையும் கொண்டுவந்து போட்டிருந்தது. அவர் கிணற்றுத் தண்ணீரில் உப்பு ஏறுவதைப் பற்றி எழுதியவர். நான் வயல் மண்ணில் உப்பு ஏறுவதைப் பற்றி எழுதுகிறவன். இருவர் கட்டுரையிலும் திருகோணமலை என்று இருக்கிறது. இயந்திரம் பாவம், ஒரே ஆள் என்று நினைத்துவிட்டது.

அந்த மனிதரின் கட்டுரைகளை ஒவ்வொன்றாக எடுத்து வாசித்தேன். என்னுடையதை விட நல்ல எழுத்து. சொல்லக் கொஞ்சம் கஷ்டமாகத்தான் இருக்கிறது, ஆனால் உண்மை. ஒன்றின் கடைசியில் நன்றி சொல்லும் இடத்தில், சம்பூரில் உள்ள தங்கள் வீட்டுக் கிணற்றில் மாதம் தவறாமல் தண்ணீர் அள்ளிப் போத்தலில் அடைத்துத் தந்த அப்பாவுக்கு நன்றி என்று, அப்பாவின் முழுப் பெயரோடு எழுதியிருந்தார். எனக்கு உடம்பெல்லாம் ஒரு சந்தோஷம். சம்பூர் என்றால் குடாவுக்கு அந்தப் பக்கம். பொழுதுபட்ட பிறகு துறைமுகக் கரையில் நின்றால் அக்கரை வெளிச்சம் தெரியும். இத்தனை நாளும் அங்கே என் பெயரோடு ஒருவன் இருந்திருக்கிறான்! ஆளைத் தேடிப் பிடித்து, என் பெயரைத் திருப்பித் தாடா மச்சான் என்று கேட்க வேண்டும் என்று நினைத்துக்கொண்டேன்.

அவரோடு சேர்ந்து எழுதிய நோர்வேப் பெண் ஒருவருக்கு மின்னஞ்சல் போட்டேன். இரண்டு நாளில் பதில் வந்தது. நான் தேடிய மனிதர் நோர்வேயில் வேலை செய்துகொண்டிருந்தவராம், கொரோனாக் காலத்தில் அங்கேயே ஆஸ்பத்திரியில் இறந்துவிட்டாராம். அதற்குப் பிறகும் அவர் பக்கத்தில் புதிய கட்டுரைகள் வருவதைப் பார்த்துத் தாங்களும் குழம்பியதாக அந்தப் பெண் எழுதியிருந்தார். என் பெயரை எழுதி, அதற்குப் பக்கத்தில் இறந்துவிட்டார் என்று போட்டிருந்ததைப் பார்க்க என்னவோ செய்தது.

"இப்பிடியே விட்டா சேர் பேராசிரியர்தான்" என்றார் நூலகச் சகோதரி. விளையாட்டுக்குச் சொன்னார். ஆசை எட்டிப் பார்க்கவில்லை என்று சொன்னால் அது பொய். ஆனால் செத்துப்போன ஒருவரின் உழைப்பைப் போர்த்திக்கொண்டு அந்தப் பேராசிரியர் கதிரையில் போய் இருக்க எனக்கு ஏலாது. பிரித்துவிடுங்கள் என்றேன். அவர் ஆதாரங்களைக் காட்டி எழுதிப் போட்டார். கொஞ்ச நாளில் அந்தத் தளத்தார் எங்களை இரண்டு ஆட்களாக்கி இரண்டு பக்கம் திறந்துவிட்டார்கள். என் வலை சுருங்கி, என் புள்ளி கடுகு மாதிரி ஆகிவிட்டது. அவருடையது மட்டும் தனியாக, பெரிதாக, அழகாக நின்றது.

கவலையாகத்தான் இருந்தது. ஆனால் உள்ளுக்குள் ஒரு பெருமையும் இருந்தது. ஏதோ பெரிய தர்மம் செய்தவன் மாதிரி நடந்து திரிந்தேன். அந்தப் பெருமையில்தான் அடுத்த யோசனை வந்தது. அவருடைய வலைப்படத்தை நல்ல தாளில் கலரில் அச்சடித்து, டவுனில் ஒரு கடையில் கொடுத்துக் கண்ணாடிச் சட்டம் போடுவித்தேன். மகன் எவ்வளவு பெரிய ஆள், எத்தனை நாட்டு ஆட்களோடு சேர்ந்து வேலை செய்தவன் என்று அந்த அப்பா பார்க்கட்டும் என்று நினைத்தேன். பிள்ளையை இழந்தவர்களுக்கு இதைவிட நல்ல காரியம் என்ன செய்யலாம் என்று என் மனைவியிடமும் பெரிதாகச் சொன்னேன். முதலில் ஒரு போன் எடுத்துக் கேட்டுவிட்டுப் போங்கள் என்றார் அவர். எந்த நம்பருக்கு எடுக்கிறது? ஞாயிற்றுக்கிழமை காலை மோட்டார் சைக்கிளில் புறப்பட்டேன்.

கிண்ணியாப் பாலம் தாண்டி, மூதூர் தாண்டி, சம்பூருக்குப் போய்ச் சேர வெயில் ஏறிவிட்டது. கடையொன்றில் அப்பாவின் பெயரைச் சொன்னதும் வழி காட்டினார்கள். மீள்குடியேற்றத்தில் கட்டிக் கொடுத்த வீடு. முன்னால் தகரப் படலை, பக்கத்தில் ஒரு கிணறு. அந்தக் கிணற்றைக் கண்டதும் எனக்கு ஏற்கனவே தெரிந்த ஆளைக் கண்ட மாதிரி இருந்தது.

படலையைத் திறந்தது ஒரு பெண். இறந்தவரின் தங்கை என்று பிறகு தெரிந்தது. கலியாணமாகி அப்பாவோடேயே இருக்கிறவர். கம்பஸில் இருந்து வருகிறேன், உங்கள் அண்ணாவின் விஷயமாக, என்று சொன்னேன். அவர் முகம் வெளுத்துப் போய்விட்டது.

"மெதுவாக் கதையுங்கோ சேர். அப்பா போன கிழமை தொடக்கம் சோறு தின்னுறேல்ல."

ஏன் என்று நான் கேட்பதற்குள் அந்த அப்பாவே வெளியே வந்துவிட்டார். நல்ல உயரம். சாரத்தை இறுக்கிக் கட்டி, ஒரு கையில் போனை வைத்திருந்தார். கம்பஸ் என்ற சொல் காதில் விழுந்திருக்க வேண்டும். நேரே வந்து என் கையைப் பிடித்தார்.

"அவனுக்கு என்ன தம்பி? வருத்தமாக் கிடக்கிறானோ? எதெண்டாலும் உண்மையைச் சொல்லுங்கோ."

எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. எப்படி இறந்தார் என்று கேட்கிறாரோ என்று நினைத்தேன். அவர் போனை என் முகத்துக்கு முன்னால் பிடித்தார். அதில் அவருடைய மகனின் பக்கம் திறந்திருந்தது.

"போன கிழமை வரைக்கும் இதில இருந்தது. தம்பலகாமத்துக் கட்டுரை இருந்தது. கந்தளாய்க் கட்டுரை இருந்தது. இப்ப ஒண்டையும் காணேல்ல. ஆரோ அழிச்சுப்போட்டாங்கள்."

தம்பலகாமமும் கந்தளாயும் என்னுடையவை. அழித்ததும் நான்தான். தங்கைக்காரி சட்டென்று, சேர் வெயிலில் வந்திருக்கிறார், முகம் கழுவட்டும் என்று சொல்லி என்னைக் கிணற்றடிக்குக் கூட்டிக்கொண்டு போனார். வாளியால் தண்ணீர் அள்ளி ஊற்றியபடியே, குரலை இறக்கி எல்லாவற்றையும் சொன்னார்.

அண்ணன் கடைசியாக ஊருக்கு வந்தபோது அப்பாவின் போனில் ஏதோ செய்து கொடுத்துவிட்டுப் போனாராம். நான் புதிதாக எதை எழுதினாலும் உங்கள் போன் சத்தம் போடும், பார்த்துக்கொள்ளுங்கள் என்று சொன்னாராம். அதன்படியே அவ்வப்போது சத்தம் போடும். அப்பாவுக்கு இங்கிலீஷ் வாசிக்கத் தெரியாது, ஆனால் மகனின் பெயரையும் ஊர்ப் பெயர்களையும் எழுத்துக் கூட்டிப் பிடித்துவிடுவார். மிச்சத்தை மகள் வாசித்துச் சொல்லுவார்.

பிறகு அந்தச் செய்தி வந்தது. விமானம் ஓடாத காலம். உடலைக் கொண்டுவர முடியவில்லை. இழவை வீடியோவில் பார்த்தார்கள். மூடிய பெட்டிதான் தெரிந்தது, முகம் தெரியவில்லை. அப்பா அழவில்லை. ஏன் என்றால் அவருக்கு இது முதல் தடவை இல்லை. இரண்டாயிரத்து ஆறில் சம்பூரை விட்டு ஓடும்போது செல்லடியில், குண்டுகள் விழுந்து கூட்டம் சிதறி, மகன் செத்துவிட்டான், என் கண்ணால் கண்டேன் என்று ஒருவர் வந்து சொன்னாராம். முகாமில் வைத்து எட்டாம் நாள் சடங்கான எட்டுச் செலவும் செய்துவிட்டார்கள். அதற்குப் பிறகு ஒரு நாள் மகன் வெறுங்காலோடு முகாமுக்குள் நடந்து வந்தான். அன்றிலிருந்து அந்த மனிதர் செத்தவர்களை இலேசில் நம்புவதில்லை.

"நாங்களும் கொஞ்ச நாளில ஏற்பார் எண்டுதான் இருந்தனாங்கள்" என்றார் தங்கை. "ஆனா பெட்டியைப் பார்த்துக் கொஞ்ச மாசத்தில போன் சத்தம் போட்டுது."

அது என்னுடைய கட்டுரை. அண்ணன் முந்தியே எழுதிக் கொடுத்தது இப்போதுதான் வருகிறது போல என்று தங்கை நினைத்திருக்கிறார். அப்படி நடப்பதும் உண்டு. அப்பாவின் முகத்தைப் பார்த்துவிட்டு ஒன்றும் சொல்ல மனம் வரவில்லை. பிறகு இன்னொன்று வந்தது. அதில் தம்பலகாமம் என்று இருந்தது. அப்பா அடுத்த நாளே பஸ் ஏறித் தம்பலகாமத்துக்குப் போயிருக்கிறார். வயலில் நின்றவர்களிடம், இங்கே மண் கிண்ட யாரும் வந்தார்களா என்று கேட்டிருக்கிறார். ஓம், கம்பஸில் இருந்து ஒரு சேர் வந்தவர் என்று சொல்லிப் பெயரையும் சொல்லியிருக்கிறார்கள். மகனின் பெயர்.

திரும்பி வந்து, அவன் இஞ்சதான் நிக்கிறான் என்று சொன்னாராம். ஏன் வீட்டுக்கு வரவில்லை என்பதற்கும் அவரிடம் பதில் இருந்தது. கடைசியாக போனில் கதைத்தபோது ஊரோடு வந்துவிடு என்று கேட்டிருக்கிறார். இன்னும் கொஞ்சக் காலம் வேலை இருக்கிறது என்று மகன் சொல்ல, அப்படியென்றால் இனி இந்தப் படலையைத் திறக்காதே என்று ஏசிவிட்டாராம். அந்தக் கோபத்தில் நிற்கிறான், கோபம் ஆறினால் வருவான் என்று ஒவ்வொரு நாளும் இருந்திருக்கிறார். கம்பஸுக்குப் போய்க் கேட்டுப் பார்ப்போமா என்று மகள் கேட்டபோது மட்டும் வேண்டாம் என்றாராம். போய்க் கேட்டால் இல்லை என்று சொல்லிவிடுவார்கள் என்றாராம்.

அந்தக் கிணற்றடியில் நின்றபோது எனக்கு அப்படியே மோட்டார் சைக்கிளை எடுத்துக்கொண்டு ஓடிவிட வேண்டும் போல இருந்தது. நான் ஒரு கட்டுரையை எழுதி முடிக்கும்போதெல்லாம் குடாவுக்கு அந்தப் பக்கம் ஒரு பிள்ளை உயிரோடு இருந்திருக்கிறான். போன கிழமை, நேர்மையாக நடக்கிறேன் என்று நினைத்து, நானே அவனைச் சாகடித்திருக்கிறேன். ஒரு பிழையும் செய்யாமலே ஒருவர் தலையில் இப்படி ஒரு இடியைப் போடலாம் என்று எனக்கு அதுவரை தெரியாது.

உள்ளே அவர் கதிரையில் இருந்தார். தேத்தண்ணி வந்தது. நான் குடிக்கவில்லை. சொல்லாமல் வந்துவிட முடியாது. சொல்லாவிட்டால் மகனுக்கு என்ன நடந்ததோ என்றே அந்த மனிதர் செத்துப்போவார்.

"ஐயா, என்ர பேரும் உங்கட மகன்ர பேர்தான்" என்றேன்.

அவர் என்னைப் பார்த்தார். "முதலெழுத்து?"

"அதுவும் அதுதான்."

"அது என்ர பேரில வாற எழுத்தெல்லே."

"என்ர அப்பாவுக்கும் அதே எழுத்துத்தான் ஐயா."

வெளியே ஆரோ சைக்கிளில் மணியடித்துக்கொண்டு போனார்கள். அவர் போனைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"அப்ப தம்பலகாமத்தில..."

"நான்தான் ஐயா. வயல் மண் எடுக்கப் போனனான்."

"தொப்பி போட்டுக்கொண்டோ?"

"ஓம்."

தலையிலிருந்து கால் வரைக்கும் என்னைப் பார்த்தார். ஒரு சாமானை வாங்க வந்தவர் மாதிரி நிதானமாகப் பார்த்தார்.

"அவையள் மெலிஞ்ச ஆள் எண்டுதான் சொன்னவை" என்றார். "எனக்கு ஒரு யோசினை வந்ததுதான். பிறகு, அங்கத்தைச் சாப்பாடு ஒத்துக்கொள்ளாமல் மெலிஞ்சுபோனான் எண்டு நினைச்சன்."

அவர் அழவில்லை. அழுதிருந்தால் எனக்கு ஏதாவது செய்யத் தெரிந்திருக்கும். மகளைக் கூப்பிட்டு அலுமாரியிலிருந்து ஒரு பையை எடுத்து வரச் சொன்னார். அதில் மகனின் கட்டுரைகள் எல்லாம் இருந்தன. மூதூரில் ஒரு கடையில் அச்சடித்து, ஒவ்வொன்றையும் பிளாஸ்டிக் உறையில் போட்டு, மூலையில் மஞ்சள் தொட்டு வைத்திருந்தார். சாமிப் படத்துக்கு முன்னால் வைத்துவிட்டுத்தான் அலுமாரிக்குள் வைப்பாராம். ஒவ்வொன்றாக எடுத்து என்னிடம் நீட்டி, இது ஆற்ற, இது ஆற்ற என்று, எது யாருடையது எனக் கேட்டார். நான் சொல்லச் சொல்ல இரண்டு பக்கமாகப் பிரித்து வைத்தார். என்னுடையவை குறைவு. பிரித்து முடிந்ததும் அவற்றை எடுத்து என் மடியில் வைத்தார்.

"இது உங்கட."

மகனின் பக்கம் இனியும் வளரும் என்று சொல்லத் தொடங்கினேன். உலகத்தில் எத்தனையோ பேர் அவர் எழுதியதை எடுத்துக்காட்டிக்கொண்டு இருக்கிறார்கள், மேற்கோள் ஒவ்வொரு வருஷமும் கூடிக்கொண்டுதான் போகும், நல்ல ஆய்வுக்குச் சாவில்லை என்று வகுப்பில் படிப்பிக்கிற மாதிரி சொன்னேன். சொல்லும்போதே என் குரல் எனக்கே பிடிக்கவில்லை.

"அது மற்றவை எழுதிறதெல்லோ தம்பி" என்றார். "அவன் எழுதினதா இனி ஒண்டும் வராது, என்ன?"

"வராது ஐயா."

கொண்டுபோன படத்தை அந்த நேரத்தில் கொடுத்திருக்கவே கூடாது. ஆனால் பிறவுண் தாளில் சுற்றி மேசையில் வைத்திருந்ததை அவரே கண்டுவிட்டார். அது என்ன என்று கேட்டார். மகள் பிரித்தார். கண்ணாடிக்குள் அந்த அழகான வலை. நடுவிலே பெரிய புள்ளி. அதற்குக் கீழே மகனின் பெயர். நான் சொன்ன விளக்கம் ஒன்றும் அவர் காதில் விழவில்லை. அவர் பார்த்தது சட்டத்தை மட்டும்தான்.

"சட்டம் போட்டே கொண்டுவந்திட்டியளோ" என்றார்.

அப்போதுதான் சுவரைப் பார்த்தேன். அவருடைய மனைவியின் படம் மாலையோடு தொங்கியது. அந்த அம்மா முந்தியே இறந்தவர். பக்கத்தில் ஒரு ஆணி வெறுமையாக இருந்தது. அண்ணாவின் படத்துக்கு என்று அடித்தது, அப்பா மாட்ட விடவில்லை என்று தங்கை பிறகு சொன்னார். எங்கள் ஊர்களில் ஒருவரின் பெயரைச் சட்டத்துக்குள் போட்டு வீட்டுக்குக் கொண்டுபோனால் அதற்கு என்ன அர்த்தம் என்று சின்னப் பிள்ளைக்கும் தெரியும். அந்த எண்ணமே எனக்கு வரவில்லை. எனக்கு அது ஒரு ஆய்வாளரின் பெறுமதி. அவருக்கு அது பெட்டி. நோர்வேயில் மூடிவிட்ட பெட்டியை நான் சம்பூருக்குத் தூக்கிக்கொண்டு வந்து மேசையில் வைத்திருக்கிறேன்.

அவர் எழுந்து உள்ளே போனார். கதவைச் சாத்திக்கொண்டார். கொஞ்சம் பொறுத்து, உள்ளேயிருந்து ஒரு சத்தம் வந்தது. அதை இங்கே எழுத என்னால் ஏலாது.

படலை வரைக்கும் தங்கை வந்தார். மன்னியுங்கள் என்று சொல்ல வாயெடுத்தேன். எதற்கு மன்னிப்பு என்று எனக்கே தெரியவில்லை.

"நீங்கள் செய்தது சரிதான்" என்றார். "ஆரோ ஒராள் சொல்லத்தானே வேணும். எனக்குத்தான் துணிவு இல்லை." கொஞ்ச நேரம் படலையைப் பிடித்துக்கொண்டு நின்றார். அதுவரை சேர் என்று கூப்பிட்டவர், "இவ்வளவு காலமும் எங்கட வீட்டில அண்ணா உயிரோட இருந்தது உங்களாலதான் அண்ணா" என்றார். வெறுப்பாகச் சொல்லவில்லை. வெறுப்பாகச் சொல்லியிருந்தால் நல்லது.

மூதூர் தாண்டி ஒரு மரத்தடியில் வண்டியை நிறுத்தி அந்தப் பிளாஸ்டிக் உறைகளைப் பிரித்துப் பார்த்தேன். தம்பலகாமத்துக் கட்டுரையின் ஓரமெல்லாம் கைபட்டுத் துணி மாதிரி மெத்தென்று ஆகியிருந்தது. ஒரு படத்தில், வயல் வரம்பில் மண் எடுக்கும்போது என் நிழல் விழுந்திருக்கும். முகம் இல்லை, நிழல் மட்டும். அந்த இடத்தில் தாள் தேய்ந்து போயிருந்தது. எத்தனை தரம் விரலால் தடவியிருப்பார் என்று நினைத்துப் பார்க்க முடியவில்லை. தெருவோரம் என்றும் பாராமல் நான் அழுதேன்.

அந்த மாதமே அவர் மகனுக்கு இரண்டாம் முறையாகச் செலவுச் சடங்கு செய்தார். தங்கை எனக்கும் சொல்லியனுப்பினார். நான் போகவில்லை. தொப்பி போட்ட மெலிந்த ஆளாக அந்தப் படலையை இன்னொரு தரம் திறக்க எனக்குத் துணிவு வரவில்லை. ஆணியில் மகனின் படத்தை மாட்டிவிட்டார்களாம். நான் கொடுத்த சட்டம் அலுமாரிக்குப் பின்னால் இருக்கிறதாம். போன் இன்னும் அவர் பக்கத்திலேயே இருக்கிறது, ஆனால் சத்தத்தை நிறுத்திவிட்டார் என்று தங்கை சொன்னார்.

பதவி உயர்வு கிடைக்கவில்லை. புள்ளி போதாதாம். அது எனக்கு வலிக்கவில்லை என்று பெரிய மனுசத்தனமாகச் சொல்ல மாட்டேன், வலித்தது. ஆனால் அந்த வலியை வைத்துக்கொண்டு ஒருவரிடம் முறையிட எனக்கு வாய் வரவில்லை. தம்பலகாமத்துக் கட்டுரையை இன்றுவரை உலகத்தில் ஒருவரும் எடுத்துக்காட்டவில்லை. அந்தப் பக்கத்தில் மேற்கோள் என்ற இடத்தில் பூச்சியம்தான் நிற்கிறது. நான் எழுதியதில் இவ்வளவு அன்போடு வாசிக்கப்பட்டது அது ஒன்றுதான். வாசித்தவர் அதை எனக்காக வாசிக்கவில்லை, யாருடையது என்று தெரிந்ததும் என் மடியிலேயே திருப்பி வைத்துவிட்டார். அவரை எந்தக் கணக்கில் சேர்க்கிறது என்று எனக்குத் தெரியவில்லை.

இனிமேல் குழப்பம் வராமல் இருக்க முதலெழுத்தை விட்டுவிட்டு அப்பாவின் பெயரை முழுசாகப் போடுங்கள் என்று நூலகச் சகோதரி சொன்னார். சரியான யோசனைதான். அப்படித்தான் போடுகிறேன். ஆனால் ஒவ்வொரு கட்டுரையின் தலையிலும் என் அப்பாவின் பெயரை எழுத்து எழுத்தாக எழுதி முடிக்கும்போது, நான் உங்கள் மகன் இல்லை என்று அக்கரையில் இருக்கிற அந்த மனிதரிடம் இன்னொரு தரம் சொல்வதாகவே எனக்குத் தோன்றுகிறது.